பதினொன்றுக்குப் பதினொன்று

துறையின் ஆண்டு மலருக்காக, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேரை மனத்தில் வைத்து எதையாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். சாதனைகளைப் பற்றி எழுதினால் நல்லது என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன். சாதனைகளை எண்ணிப் பார்த்ததில் இரண்டு தேறின, இரண்டாவது சந்தேகத்துக்குரியது. தவறுகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். டாக்டர் மனத்தை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு தவறை மட்டும் எழுதுகிறேன். ஆறு பேரில் நான்கு பேராவது படிப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். இயற்பியல் துறையில் நான் கணிப்புப் பிரிவில் இருந்தேன். செயற்கைக்கோள் ஒன்று எடுத்த நிறமாலைகள் காந்த நாடாவில் எங்களுக்குத் தபாலில் வரும். அவற்றைக் கணினியில் ஏற்றி, எண்களாக அச்சடித்து, மடிப்பு மடிப்பாக விரியும் தாளில் பென்சிலோடு உட்காருவது என் வேலை.

எதைத் தேடினோம் என்று சொல்லிவிடுகிறேன். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஆறாயிரம் டிகிரி. அதைச் சுற்றியிருக்கும், கிரகணத்தின்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற கொரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பைவிடச் சமையலறைச் சுவர் அதிகமாகச் சுடுகிற மாதிரி ஒரு விபரீதம். சில நட்சத்திரங்கள் சூரியனைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழன்று, உடம்பெல்லாம் கரும்புள்ளிகளோடு கொந்தளித்துக்கொண்டே இருக்கும். அவற்றின் கொரோனா ஒரு கோடி டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் இரும்பு அணு தன்னுடைய இருபத்தாறு எலக்ட்ரான்களில் இருபதை இழந்துவிடும். அப்படி உரிந்துபோன இரும்பு, புற ஊதாவில் மெலிதாக ஒரு கோடு போடும். அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் அப்போது உலகத்தில் மிகச் சிலர். எங்கள் துறைத்தலைவர் அந்தச் சிலரில் ஒருவராக ஆசைப்பட்டார்.

புற ஊதாக் கதிர் பூமியின் காற்றைக் கடந்து வராது. சிங்கப்பூரில் நட்சத்திரமே மேகத்தைக் கடந்து வருவதில்லை. அதனால்தான் செயற்கைக்கோள், அதனால்தான் தபால். முதல் நாடா வந்தபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கச் சோதனை அதிகாரி கேட்டார். நட்சத்திரங்களின் படம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். படம் என்றால் தணிக்கைக்குப் போக வேண்டும் என்றார். ஒன்பது நாள் போயிற்று. எந்தக் கருவியில் போட்டும் ஓடவில்லை என்பதால் ஆபாசம் இல்லை என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவையிலிருந்து ‘எண்கள்’ என்று எழுதினேன். எண்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கும் அந்த வியாதி இருந்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

செயற்கைக்கோளில் இருந்தது ஒரு வகைத் தொலைக்காட்சிக் கேமரா. அதில் நட்சத்திர ஒளியோடு வேண்டாத விருந்தாளிகளும் வருவார்கள். விண்வெளியில் திரியும் காஸ்மிக் கதிர் ஒன்று கேமராவில் மோதினால் அங்கே ஒரு வெளிச்சப் புள்ளி விழும். பார்க்க நிறமாலைக் கோடு மாதிரியே இருக்கும். இதைக் களைய நான் ஒரு விதி வைத்திருந்தேன். ஒரே நட்சத்திரத்தின் இரண்டு பதிவுகளை ஒப்பிடு. ஒன்றில் மட்டும் இருக்கும் புள்ளி காஸ்மிக் கதிர், அடித்துவிடு. இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் நட்சத்திரத்துடையது, வைத்துக்கொள். இரு சாட்சி விதி என்று அதற்குப் பெயரும் வைத்தேன். ஒரு காஸ்மிக் கதிர் ஒரே இடத்தில் இரண்டு தடவை விழ எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு பூஜ்யம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவேன்.

அப்படிக் கொந்தளிக்கும் ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அதற்கு மொத்தம் பதினொரு பதிவுகள் கிடைத்தன. மிகக் குறுகியது இருபது நிமிடம், நீண்டது தொண்ணூறு நிமிடம். இரும்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. முதல் பதிவில் இருந்தது. இரண்டாவதில் இருந்தது. பதினொன்றிலும் இருந்தது. எனக்கு இரண்டு சாட்சி போதும். இங்கே பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். துறைத்தலைவரின் அறைக்கு நான் ஏறக்குறைய ஓடினேன். அந்தக் கட்டடத்தில் நான் ஓடியது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. நட்சத்திரம் சுழலச் சுழல மற்றக் கோடுகள் ஏறி இறங்கின. கார்பன் கோடு இரண்டரை மடங்கு வரை ஏறிவிட்டு இறங்கியது. எங்கள் இரும்புக் கோட்டை மட்டும், பதிவின் நீளத்தால் வகுத்து நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், ஆடாமல் அசையாமல் நின்றது. இந்த இடத்தில் ஒருவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். துறைத்தலைவருக்குச் சந்தேகம் வரவில்லை, கோட்பாடு வந்தது. மேற்பரப்பில் நடக்கும் சண்டை சச்சரவு எதுவும் எட்டாத உயரத்தில் ஒரு நிதானமான கொரோனா இருக்கிறது என்றார். அதற்கு ‘நிலைத்த கொரோனா’ என்று பெயர் சூட்டினார். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது பிள்ளை. விட்டுக்கொடுக்க மனம் வராது. பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு, நிருபர்களுக்கு அழைப்பு, மறுவாரம் வெளிநாட்டு இதழுக்குக் கட்டுரை என்று மளமளவென்று ஏற்பாடாயிற்று. சொற்பொழிவு ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, டோபி காட் பக்கம் ஒரு மண்டபத்தில்.

எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் பிலோமினா. ஒப்பந்த ஆய்வு உதவியாளர். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். மகள் கான்வென்ட் பள்ளியில் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவர் விருப்பம், இவள் நட்சத்திரத்துக்கு வந்துவிட்டாள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்கும் காகிதம் துறைத்தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வேலை போனால் முனைவர் பட்டத்துக்கான பதிவும் ரத்தாகும். மூன்று ஆண்டுப் படிப்பு அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எங்கள் மூவருக்குமே தெரியும்.

சொற்பொழிவு இருந்த வாரம், திங்கட்கிழமை காலை அவள் என் மேசைக்கு வந்து ஒரு தாளை விரித்தாள். நாங்கள் ஆரம்பத்தில் பழகிப் பார்ப்பதற்காக வரவழைத்த பழைய நாடாவிலிருந்து அச்சடித்தது. அதில் இருந்தது சூரியனைவிட வயதான ஒரு சாது நட்சத்திரம். கரும்புள்ளி கிடையாது, கொந்தளிப்பு கிடையாது, ஒரு கோடி டிகிரிக்கு அதற்கு ஏழேழு ஜென்மத்திலும் வழி கிடையாது. அதே கேமரா. எண்களில் அதே வரிசை, அதே நிரல். அங்கே நம்முடைய இரும்புக் கோடு உட்கார்ந்திருந்தது.

"சார், இது ஸ்டார் இல்ல லா. கேமரா. அந்த இடம் கெட்டுப்போயிருக்கு. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவு ஏறுது. எந்த ஸ்டாரைக் காட்டினாலும் ஏறும்."

நான் அவளுக்கு இரு சாட்சி விதியை விளக்கினேன். அவள் முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"காஸ்மிக் கதிர் ஒரு தடவை வந்துட்டுப் போற திருடன் சார். அவனைப் பிடிக்க உங்க ரூல் சரி. இது வீட்டுக்குள்ளயே இருக்கிற ஆளு. தினமும் இருப்பான். பதினொண்ணு என்ன, நூறு எடுத்தாலும் நூத்துலயும் இருப்பான்."

சரிதான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. காஸ்மிக் கதிரைப் பிடிக்க நான் வைத்திருந்த சோதனை, கேமராவின் நிரந்தரக் குறைக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அது எத்தனைக்கெத்தனை தவறாமல் ஆஜரானதோ, அத்தனைக்கத்தனை நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன். உயிருள்ள நட்சத்திரம் ஒரு நாள் எகிறும், ஒரு நாள் படுக்கும். பதினொரு நாளும் ஒரே மாதிரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது அந்தப் புள்ளி ஒன்றுதான். நானும் முப்பத்தொரு ஆண்டு அப்படி வந்து போனவன்தான். அதனால்தானோ என்னவோ எனக்கு அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்தேன் என்றால், மறுபடி எண்ணினேன். செவ்வாய்க்கிழமை முழுக்க எண்ணினேன். புதன்கிழமை வேறு நிறப் பென்சிலால் எண்ணினேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: விடை தெரிந்த கணக்கை ஒருவன் மூன்றாவது தடவை போடுகிறான் என்றால் அவன் கணக்குப் போடவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறான். மனத்துக்குள் ஒரு நியாயமும் தயாராக இருந்தது. இதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் போய்விடும், அவளுக்காகத்தான் தயங்குகிறேன் என்பது அந்த நியாயம். மிக உயர்ந்த நியாயம். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. புதன் மத்தியானம் சிராங்கூன் சாலைக் கடையில் வாழையிலை போட்டு, மூன்று தடவை ரசம் வாங்கிக்கொண்டேன்.

பிலோமினா அந்த இரண்டு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். அவரும் தமிழர்தான். அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசுவார், கோபம் வந்தால் தமிழ் வரும். நான் சொல்ல ஆரம்பித்தபோது ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய நாடாவின் தாளை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களையும் சேர்த்து மூணு பேருக்கு."

"அப்ப ரெண்டு பேர் மறந்துட்டா போதும்."

தவறு என்னுடையது, விதி என்னுடையது, அந்தப் பெண் வெறுமனே கண்டுபிடித்தவள் என்றேன். அவர் மேசை ஓரத்தில் இருந்த கண்ணாடிக் குண்டை நகர்த்தி, அதன் அடியிலிருந்த காகிதத்தை நடுவில் இழுத்து வைத்தார். நீட்டிப்புக் காகிதம். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"நிருபருங்க வர்றாங்க. இன்னிக்கு லெக்சர் முடியட்டும். ரெண்டு மாசம் கழிச்சு சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம், யாரும் படிக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணும் நல்லா இருக்கட்டும், நீங்களும் நல்லா இருங்க."

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். தலைவர்கள் எல்லாருமே மௌனத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதில் நமக்கும் ஒரு வசதி உண்டு என்பதால் நாம் திருத்துவதில்லை.

மாலை மண்டபத்தில் நூற்று நாற்பது நாற்காலிகள். நூற்றுப் பன்னிரண்டில் ஆள் இருந்தார்கள். நிருபர்கள் இரண்டு பேர்; அதில் ஒருவர் தேநீருக்கு மட்டும் வந்தவர். நான் முன்வரிசையில் வலது கோடியில் உட்கார்ந்தேன். பிலோமினா எனக்கு நேர் பின்னால், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில்.

துறைத்தலைவர் நன்றாகப் பேசினார், அதை மறுக்க முடியாது. சூரியனில் ஆரம்பித்து, சுழலும் நட்சத்திரங்களுக்குப் போய், புற ஊதாவில் இறங்கி, அரைமணி நேரத்தில் எங்கள் கோட்டுக்கு வந்து சேர்ந்தார். பதினொரு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் விழுந்தன. மற்றக் கோடுகள் எல்லாம் ஏறி இறங்கின. நடுவில் எங்கள் ஆள் நிமிர்ந்து நின்றான். நிலைத்த கொரோனா என்று சொல்லி, கைதட்டுவதற்கு இடம் விட்டார்.

அந்த இடைவெளியில் ஒருவர் கையைத் தூக்கினார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராம். சட்டைப் பையில் சுண்ணாம்புக்கட்டித் தூள் இருந்தது. பேச்சுக்கு நடுவில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று தெரியும், ஆனால் திரையில் படம் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன் என்றார். மற்றக் கோடுகள் எல்லாம் மாறுகின்றன, இது மாறவில்லை. சரி. அப்படியானால் இது எதைப் பொறுத்து மாறும், எதைப் பொறுத்தாவது மாறியே ஆக வேண்டும் இல்லையா என்று கேட்டார்.

எங்கள் துறையில் இரண்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவருக்கு அது உடனே தோன்றிவிட்டது.

துறைத்தலைவர் உயரத்தைப் பற்றியும் காந்தப் புலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். ஆசிரியர் உட்காரவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார். ஒவ்வொரு பதிவையும் தன் கையால் எண்ணியவர் இதோ இருக்கிறார், அவரே பதில் சொல்லட்டும் என்றார். காலையில் மிரட்டிய ஆளையே மாலையில் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார் என்றால், என்னைப் பற்றி அவர் எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும். அந்த உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான்.

எழுந்தேன். அந்தக் கோடு பதிவின் நீளத்தைப் பொறுத்து மட்டுமே மாறுகிறது, நட்சத்திரத்தைப் பொறுத்து அல்ல என்றேன். வேறொரு அமைதியான நட்சத்திரத்திலும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறது, ஆகவே அது கேமராவில் உள்ள குறை, அதை நட்சத்திரம் என்று எண்ணியது என் தவறு என்றேன். கண்டுபிடித்தவர் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிலோமினா என்றும் சொன்னேன். நான்கு வாக்கியங்கள்.

துறைத்தலைவர் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவர் செய்ததை நீங்கள் பாடமாகவே படிக்கலாம். ஒரு கண்டுபிடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை எல்லா இடத்திலும் காட்டுவார்கள், ஒரு தவறு எப்படிப் பிடிபடுகிறது என்பதை இன்று உங்கள் கண்முன் நடத்திக் காட்டவே விரும்பினோம் என்றார். நேர்மைதான் நம் துறையின் அடித்தளம் என்றார். அடுத்த இருபது நிமிடத்தில் ‘நேர்மை’ ஒன்பது தடவையும் ‘நான்’ முப்பத்து நான்கு தடவையும் வந்தன. கைதட்டல், கோட்டுக்குக் கிடைத்திருக்கக் கூடியதைவிட அதிகம். ஆசிரியர் மட்டும் கைதட்டாமல் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் நேர்மையைப் பாராட்டிவிட்டு, அடுத்த வாரம் அதே நேர்மைக்காக ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பத் துறைத்தலைவரால் முடியவில்லை. நீட்டிப்புக் காகிதத்தில் இரண்டு ஆண்டு என்று தட்டச்சு செய்திருந்ததை ஒன்று என்று அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்த ஓராண்டில் பிலோமினா அந்தக் கேமராவில் இருக்கும் கெட்ட புள்ளிகளையெல்லாம் தேடிப் பட்டியல் போட்டாள். செயற்கைக்கோள்காரர்களுக்கு அனுப்பினோம். பெரும்பாலானவை எங்களுக்கு முன்பே தெரியும், தெரியாத இரண்டுக்கு நன்றி என்று பதில் எழுதினார்கள். கடிதத்தில் முதல் பெயர் துறைத்தலைவருடையது. அவள் பட்டம் வாங்கிவிட்டாள்.

இங்கே முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

தேநீரோடு கொடுத்த கறிபாப்பைச் சாப்பிட்டுவிட்டு நானும் பிலோமினாவும் ஒன்றாக வெளியே வந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்குள் ஒரு மிதப்பு. ஒரு பெண்ணின் எதிர்காலத்தைப் பணயம் வைத்தாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவளும் அதைப் புரிந்துகொள்வாள், ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் பேருந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒப்பந்தம் போனாலும் போகலாம். அதுக்கு நான் வருத்தப்படறேன்மா" என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்து ஓர் உறையைக் காட்டினாள். ராஜினாமா. புதன்கிழமையே தட்டச்சு செய்திருக்கிறாள்.

"நீங்க எழுந்திரிக்கலைன்னா நான் எழுந்திரிச்சுச் சொல்லிட்டு, இதைக் குடுத்துட்டுப் போறதா இருந்தேன் சார். அதுக்குத்தான் நடக்கிற வழியா பாத்து உட்கார்ந்தேன்."

நான்தான் உடனே எழுந்துவிட்டேனே என்றேன்.

"உடனேயா?" அவள் பேருந்துக்குக் கையை நீட்டினாள். "அவர் உங்களைக் கைகாட்டினப்ப எண்ண ஆரம்பிச்சேன். பத்து வரைக்கும்னு வெச்சிருந்தேன்."

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறி, சில்லறையைப் போட்டுவிட்டு, படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஒம்போதுல எழுந்திட்டீங்க."